மாதச் சந்தாவில் யோகா வகுப்பு: ஆன்லைன் தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆன்லைன் உறுப்பினர் தளம் என்பது, மாணவர் மாதச் சந்தா கட்டவும், கட்டியவர் மட்டும் வகுப்புக்குள் நுழையவும், தவறவிட்ட வகுப்பைப் பிறகு பார்க்கவும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்துதரும் மென்பொருள். யோகா ஆசிரியர்களில் பலர் இந்த வேலையைத் துண்டு துண்டாகவே நடத்துகிறார்கள்: கட்டணம் ஜிபேயில், வகுப்பு ஜூமில், அறிவிப்பு வாட்ஸப் குழுவில், யார் கட்டினார்கள் யார் கட்டவில்லை என்ற கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில். பத்துப் பதினைந்து மாணவர்கள் வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். அதற்காக யாரும் தனித் தளம் வாங்க வேண்டியதில்லை. எண்ணிக்கை நாற்பதை நெருங்கும்போதுதான் மாதத்தின் முதல் வாரம் முழுவதும் கட்டணத்தை நினைவூட்டுவதிலேயே போகிறது. கற்றுக்கொடுப்பவரே வசூலுக்கும் நிற்க வேண்டியிருப்பது ஆசிரியர், மாணவர் இருவருக்குமே சங்கடம். தளத்தைத் தேடத் தொடங்க வேண்டிய கட்டம் அது.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியரின் நிலை இந்த அத்தியாயத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பழைய கண்டோன்மென்ட் பக்கத்துக் குடியிருப்பு அது. பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் எல்லாம் கூப்பிடு தூரம். தமிழ், ஆங்கிலம், கன்னடம், உருது, மலையாளம் எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். ரிச்சர்ட்ஸ் பூங்காவில் காலை நடை போகும் ஓய்வுபெற்றவர்கள் நேரில் வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உறவினர்களும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருப்பார்கள். 2020 ஊரடங்கில் திரைக்கு மாறிய வகுப்புகளில் பல, ஊரடங்கு முடிந்த பிறகும் இரண்டு கால்களில் நிற்பதற்கு இதுவே காரணம். உள்ளூர் மாணவர் ரூபாயில் யுபிஐ வழியாகக் கட்டுவார். வெளிநாட்டு மாணவர் கார்டில் டாலரில் கட்டுவார். இருவரையும் ஒரே தளம் ஏற்க வேண்டும் என்பதிலிருந்துதான் தேர்வின் சிக்கல் தொடங்குகிறது.

பணம் வரும் வழி

தளங்களை ஒப்பிடும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஆசிரியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கஜாபி, போடியா, சர்க்கிள், ஆஃபரிங்ட்ரீ, யுஸ்க்ரீன் போன்ற பெயர்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். வீடியோ நூலகம், மின்னஞ்சல், உரையாடல் பகுதி என்று அவை தரும் வசதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பணத்தை வாங்குவதற்கு அவை பெரும்பாலும் ஸ்ட்ரைப், பேபால் என்ற இரண்டு நிறுவனங்களையே நம்பியிருக்கின்றன. ஸ்ட்ரைப் 2024 மே முதல் இந்தியாவில் அழைப்பின் பேரில் மட்டுமே புதிய கணக்குகளை ஏற்கிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டது. இந்தியக் கணக்கு வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டுமே அதில் வாங்க முடியும். ஆகவே குக் டவுனில் இருக்கும் மாணவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தத் தளத்தின் வழியாகச் சந்தா கட்டவே முடியாமல் போகலாம். ஒரு தளத்தின் வசதிப் பட்டியலைப் படிப்பதற்கு முன் இதை உறுதிசெய்துகொள்வது பல வார உழைப்பை மிச்சப்படுத்தும்.

அடுத்தது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு. இந்திய ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தன. மாணவர் முதல் முறை ஓடிபி போட்டு அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் விரும்பினால் அப்போதே மறுத்துவிடலாம். ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய தொகையின் வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. யோகா வகுப்பின் மாதச் சந்தா இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். ஆண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கும்போதுதான் வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளாத வெளிநாட்டுத் தளத்தில், இந்திய வங்கியின் கார்டு முதல் மாதம் வேலை செய்து இரண்டாம் மாதம் மறுக்கப்படும். மாணவர் விலகிவிட்டார் என்று ஆசிரியர் நினைப்பார். ஆசிரியர் தன்னை நீக்கிவிட்டார் என்று மாணவர் நினைப்பார்.

யுபிஐயில் இதற்கு இணையான வசதி ஆட்டோபே. தேசியப் பணம்செலுத்தல் கழகம் அதை 2020 ஜூலையில் கொண்டுவந்தது. மாணவர் தன் செயலியில் ஒரு முறை பின் எண்ணைப் போட்டு ஒப்புதல் தந்தால் போதும். அறுபது வயதைத் தாண்டிய, கிரெடிட் கார்டே இல்லாத மாணவருக்கும் இது கைக்கு எட்டும் வழி. ஆனால் யுபிஐ ஏற்கும் தளம் எல்லாம் ஆட்டோபே ஏற்கும் தளம் என்று எண்ணிவிடக் கூடாது. க்யூஆர் குறியைக் காட்டி ஒரு முறை பணம் வாங்குவது வேறு. மாதாமாதம் தானாக எடுப்பதற்கு ஒப்புதல் வாங்குவது வேறு. விற்பனைப் பிரிவினரிடம் ‘யுபிஐ உண்டா?’ என்று கேட்டால் உண்டு என்றே பதில் வரும். ‘யுபிஐ ஆட்டோபேயில் மாதச் சந்தா எடுக்க முடியுமா, எடுத்துக் காட்ட முடியுமா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் இந்தியத் தளங்கள் முந்துகின்றன. கிராஃபி, லேர்னிஸ்ட், டேக்மேங்கோ போன்றவை இந்தியப் பேமென்ட் கேட்வேக்களோடு இயங்குபவை. தனித் தளம் வேண்டாம், சொந்த இணையதளத்திலேயே சந்தா வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு ரேசர்பே, கேஷ்ஃப்ரீ ஆகிய இரண்டு பெங்களூரு நிறுவனங்களின் சந்தாச் சேவை இருக்கிறது. வேர்ட்பிரஸில் இயங்கும் தளத்தோடு அவற்றை இணைக்க முடியும். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்குக் கேட்வேக்கள் பொதுவாக 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும். வெளிநாட்டுக் கார்டுக்கு விகிதம் கூடும். தானாக எடுக்கும் சந்தாவுக்குத் தனிக் கூடுதல் கட்டணமும் இருக்கலாம் என்பதால் கேட்வேயின் அன்றைய விலைப் பட்டியலைப் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. டொராண்டோவில் இருக்கும் மகள் தன் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ரூபாயிலேயே சந்தா கட்டினால் கார்டுக் கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் குறையும். இந்தியக் கணக்கு இல்லாதவர்களுக்கு மட்டும் பேபாலையோ கேட்வேயின் வெளிநாட்டுக் கார்டு வசதியையோ வைத்துக்கொண்டால் போதும். எல்லோருக்கும் ஒரே பொத்தான் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, இரண்டு வழிகளைத் தெளிவாகக் காட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கற்பிக்கும் முறைக்கு ஏற்ற தளம்

பணத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது, ஆசிரியர் எந்த மரபில் கற்பிக்கிறார் என்பது. தளங்களை விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுக்கு யோகா, சமையல், கிதார் எல்லாமே ‘கோர்ஸ்’தான். ஆனால் யோகாவுக்குள்ளேயே ஒரு மரபுக்குப் பொருந்தும் தளம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933இல் மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்களில் பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவரும் இரண்டு வெவ்வேறு பயிற்சி முறைகளை உருவாக்கினார்கள். கிருஷ்ணமாச்சாரியாரோ பின்னர் சென்னைக்கு வந்து, ஒவ்வொரு மாணவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை வகுத்துக் கொடுப்பதில் ஆழ்ந்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்தத் தனிநபர் முறையைத் தொடர்ந்தது. ஒரே ஆசிரியரின் வழிவந்த இந்த மூன்று முறைகளும் தளத்திடம் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கேட்கின்றன.

தனிநபர் முறையில் கற்பிப்பவருக்கு வீடியோ நூலகம் அநேகமாகத் தேவையே இல்லை. ஒருவருக்கு வகுத்த பயிற்சியை இன்னொருவர் பார்த்துச் செய்வதை அந்த முறையே விரும்பாது. அவருக்கு வேண்டியவை நேரம் குறித்துக்கொள்ளும் நாட்காட்டி, ஒவ்வொரு மாணவரின் குறிப்பேடு, பயிற்சித் தாளை அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பும் வசதி. நூலகத்துக்கும் உரையாடல் பகுதிக்கும் விலை வைத்திருக்கும் பெரிய தளம் அவருக்கு வீண் செலவு. எளிய முன்பதிவுச் செயலியும் ஒரு கேட்வேயும் போதும்.

பட்டாபி ஜோயிஸின் மைசூரு முறை அஷ்டாங்கத்தில் எல்லோரும் ஒரே அறையில், அவரவர் வேகத்தில், ஆசிரியரின் பார்வையில் பயிற்சி செய்வார்கள். திரையில் அதற்கு இணையானது, எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் தெரியும் கட்டக் காட்சி. ஜூமில் ஒரு திரைக்கு 25 பேர், கணினி வேகமானதாக இருந்தால் 49 பேர் வரை தெரிவார்கள். தளம் தனக்கென்று சொந்த நேரலை மென்பொருள் வைத்திருந்தால், அதில் ஆசிரியர் மாணவர்களைப் பார்க்க முடியுமா, மாணவர்கள் மட்டும் ஆசிரியரைப் பார்க்கிறார்களா என்று சோதிக்க வேண்டும். ஒருவழி ஒளிபரப்பில் இந்த முறை நடக்கவே நடக்காது. ஐயங்கார் முறையிலோ கட்டை, பட்டை, நாற்காலி எல்லாம் வேண்டும். உடலின் கோணத்தை ஆசிரியர் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மாணவருக்கு முன்கூட்டியே பொருட்பட்டியலும் கேமரா வைக்கும் இடத்தின் படமும் அனுப்ப முடிகிற தளம் அவருக்கு உதவும்.

பதிவான வகுப்புகளை நம்பி நடக்கும் உறுப்பினர் முறைக்கு உலக அளவில் தெரிந்த உதாரணம், அமெரிக்காவின் ஆஸ்டினில் 2012இல் யூடியூபில் தொடங்கிய யோகா வித் ஏட்ரீன். இலவச வீடியோக்கள் யூடியூபில். கூடுதலாக வேண்டுபவர்களுக்குத் தனிச் சந்தாத் தளம். இதைப் பார்த்து நூலகம் ஒன்றைக் கட்டிவிடலாம் என்று இறங்கும் ஆசிரியர் ஒன்றை எடைபோட வேண்டும்: இலவச வீடியோக்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் மாணவர் எதற்காகச் சந்தா கட்டுவார்? ரிச்சர்ட்ஸ் டவுன் ஆசிரியருக்கு வருபவர்கள், முழங்கால் வலிக்கும்போது எந்த ஆசனத்தை விட வேண்டும் என்று பெயர் சொல்லி எச்சரிக்கும் ஒருவருக்காகவே வருகிறார்கள். அவர்களுக்கு நேரலைதான் உயிர். பதிவு அதற்குத் துணை. நேரலை வகுப்பின் பதிவை ஒரு வாரம் வைத்திருந்து பிறகு நீக்கிவிடுவது பல வகுப்புகளுக்குப் போதுமான ஏற்பாடு. வீடியோ சேமிப்புக்குத் தளங்கள் வாங்கும் கட்டணமும் இதனால் குறையும்.

உடல்நலக் கேள்விகளையும் இங்கேயே கவனிக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கண் அழுத்த நோய் ஆகியவற்றைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். பணம் கட்டுவதற்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் ஒரு கேள்வித்தாளைக் கட்டாயமாக்கும் வசதி இல்லாத தளம், தலைகீழ் ஆசனங்கள் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஏற்றதல்ல.

கமிஷனா, மாதக் கட்டணமா

தளங்கள் தங்கள் பங்கை இரண்டு விதமாக எடுக்கின்றன: வரவில் ஒரு விகிதம், அல்லது மாதத்துக்கு ஒரு நிலைத் தொகை. கணக்கு எளியது, ஆனாலும் பலர் போடுவதில்லை. மாதச் சந்தா 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதம் எடுக்கும் தளம் ஒரு மாணவருக்கு 150 ரூபாய் எடுக்கிறது. மாதம் 6,000 ரூபாய் நிலைக் கட்டணம் வாங்கும் தளத்தோடு இது சமமாவது 40 மாணவர்களில். இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறும் என்பதால் சமப்புள்ளி மாறாது. நாற்பதுக்குக் கீழே கமிஷன் மலிவு. மேலே நிலைக் கட்டணம் மலிவு. 60 மாணவர்கள் இருந்தால் மாத வரவு 90,000 ரூபாய். கமிஷன் 9,000 ரூபாய். கேட்வேக் கட்டணம் இதற்கு மேல்: 2 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,124 ரூபாய். சில தளங்கள் கேட்வேக் கட்டணத்தைக் கமிஷனுக்குள்ளேயே அடக்கியிருக்கும், சில தனியாக எடுக்கும். விலைப் பக்கத்தில் இது பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

யூடியூபின் உறுப்பினர் வசதியில் நிறுவனத்தின் பங்கு 30 சதவீதம். மேற்சொன்ன கணக்கில் அது 27,000 ரூபாய். ஆப்பிள் கைபேசிச் செயலிக்குள்ளேயே மாணவர் சந்தா கட்டினால் ஆப்பிளும் தன் பங்கை எடுக்கும். மாணவரை உலாவியில் போய்க் கட்டச் சொல்வது இதற்கு எளிய மாற்று. டாலரில் விலை வைக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு ஆசிரியர் தன் கார்டில் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். ரூபாயின் மதிப்பு இறங்கும் ஆண்டில் அந்த நிலைக் கட்டணம் நிலையாகவும் இருப்பதில்லை.

வரி

சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். 1,500 ரூபாய்ச் சந்தாவில் 111 மாணவர்கள் ஆண்டு முழுவதும் இருந்தால் இந்த வரம்பை ஏறக்குறைய தொட்டுவிடும். நேரடி வகுப்பின் வரவு, வெளிநாட்டு மாணவரின் சந்தா, பயிலரங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்தே இந்த 20 லட்சம் கணக்கிடப்படும் என்பதை ஆசிரியர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். ஆன்லைன் மாணவர்கள் வேறு மாநிலத்தில் இருப்பதாலேயே பதிவு கட்டாயமாகிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. வரம்புக்குள் இருக்கும் சேவையாளர்களுக்கு 2017 அக்டோபரிலேயே அதிலிருந்து விலக்கு தரப்பட்டுவிட்டது.

யோகா வகுப்பு, உடற்பயிற்சி நிலையம் உள்ளிட்ட உடல்நலச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதாவது தளத்துக்கும் கேட்வேக்கும் கட்டும் 18 சதவீத வரியை ஆசிரியர் திரும்பப் பெற முடியாது. அதைச் செலவாகவே எழுத வேண்டும். தளத்தின் விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பதிவான வீடியோக்களை மட்டும் விற்பது இந்த 5 சதவீத வகைக்குள் வருமா என்பதைத் தளத்தில் விலை போடுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும். அறக்கட்டளையாகப் பதிவுபெற்ற அமைப்புகளின் யோகாப் பணிக்கு உள்ள வரிவிலக்கு தனி ஆசிரியருக்குப் பொருந்தாது.

பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இருக்கும் மாணவருக்குப் பதிவு வீடியோக்களை விற்றால் அந்த நாடுகளின் வரியும் குறுக்கே வரும். பேட்ரியான் போன்ற சில தளங்கள் அதைத் தாங்களே வசூலித்துக் கட்டிவிடுகின்றன. ஐரோப்பிய மாணவர்கள் கணிசமாக இருக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு சேவைக்காகவே அதிகக் கமிஷன் கொடுப்பது தகும். இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்தால் அவர்களை நேரலையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று ஆடிட்டரிடம் கேட்கலாம்.

மாணவர் பட்டியல் யாருடையது

தளம் மூடப்படலாம், விலையை இரட்டிப்பாக்கலாம், வேறு நிறுவனத்துக்கு விற்கப்படலாம். அந்த நாளில் ஆசிரியரின் கையில் என்ன மிஞ்சும் என்பது, ஒப்பந்தம் போடும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி. மாணவரின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறார் என்ற விவரம் நான்கையும் ஒரு எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். யூடியூப் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரி ஆசிரியருக்குக் கிடைக்காது; அங்கே சேர்ந்தவர்கள் யூடியூபின் வாடிக்கையாளர்கள். இணைய முகவரியை ஆசிரியர் தன் சொந்தப் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, தளத்தை அதற்குப் பின்னால் இணைப்பதே பாதுகாப்பு. தளம் மாறினாலும் மாணவர் தட்டும் முகவரி மாறாது.

கைமாற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. ஆட்டோபேக்கும் கார்டுக்கும் மாணவர் தந்த ஒப்புதல் பொதுவாக அந்தக் கேட்வேயோடு கட்டுண்டது. தளத்தை மாற்றினால் ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தச் சாக்கில் சிலர் கழன்றுகொள்வார்கள். எனவே கேட்வேக் கணக்கு தளத்தின் பெயரில் இல்லாமல் ஆசிரியரின் பெயரில் இருப்பது பெரிய பலம். தளம் தன் கணக்கில் பணத்தை வாங்கி, வாரம் கழித்து ஆசிரியருக்கு அனுப்பும் முறையில் இந்தப் பலம் இல்லை. இரண்டு தளங்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால், ஆசிரியர் தன் கேட்வேக் கணக்கையே இணைத்துக்கொள்ள விடும் தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாணவரின் உடல்நலக் குறிப்புகள் தனி அக்கறைக்குரியவை. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எதற்காகக் கேட்கப்படுகிறது என்று சொல்லி ஒப்புதல் வாங்குவது, தேவை முடிந்ததும் அழிப்பது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் ஆகியவை சிறிய வகுப்புக்கும் பொருந்தும். வாட்ஸப் குழுவில் ‘யாருக்கு முதுகு வலி இருக்கிறது?’ என்று கேட்டுப் பதில் வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். குழுவில் ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரிவதும் பெண் மாணவர்கள் பலருக்குப் பிடிக்காத ஒன்று. எண்ணை மறைக்கும் கம்யூனிட்டி வசதி வாட்ஸப்பிலேயே இருக்கிறது.

தினசரி நடப்புக்கு வேண்டியவை

ரிச்சர்ட்ஸ் டவுனில் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30, துபாயில் 4.30, டொராண்டோவில் முந்தைய நாள் இரவு, குளிர்காலத்தில் 7.30, கோடையில் 8.30. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரம் மாறுவதால், மாணவரின் ஊர் நேரத்தைத் தளமே காட்ட வேண்டும். காட்டாத தளத்தில் கடிகாரம் மாறும் நாட்களில் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லியே மாளாது.

சந்தாவை இடையில் நிறுத்திவைக்கும் வசதி, பல தளங்களில் பெயரளவுக்கே இருக்கிறது. காய்ச்சல், பயணம், பிள்ளையின் தேர்வு, ஏப்ரல்–மே விடுமுறை என்று மாணவர் ஒரு மாதம் விலகுவது இயல்பு. நிறுத்திவைக்க வழி இல்லையென்றால் அவர் ரத்து செய்வார். ரத்து செய்தவர் திரும்ப வருவது அரிது. ரத்து செய்வதும் எளிதாக இருக்க வேண்டும். சேர ஒரு பொத்தான், விலகப் பத்துப் படிகள் என்று வைப்பது, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ‘சந்தாப் பொறி’ என்ற பெயரில் தடைசெய்யப்பட்ட செயல். தளம் அப்படி அமைத்திருந்தாலும் மாணவரின் கோபம் ஆசிரியர் மேல்தான் விழும்.

நினைவூட்டல் வாட்ஸப்பில் போக வேண்டும். மின்னஞ்சலைத் தினமும் திறக்கும் பழக்கம் இங்குள்ள மூத்த மாணவர்களிடம் இல்லை. நாக்பூரிலிருந்து நடக்கும் ஹேபில்ட் போன்ற பெரிய அமைப்பே தன் தினசரி நேரலைக்கு மாணவர்களை வாட்ஸப் வழியாகத்தான் அழைக்கிறது. தளத்தின் திரை தமிழில் இல்லாவிட்டாலும், ஆசிரியர் அனுப்பும் செய்தியும் வகுப்பின் தலைப்பும் தமிழில், கன்னடத்தில் உடையாமல் தெரிகின்றனவா என்று ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் போனால் மோடத்துக்கு யுபிஎஸ், பிராட்பேண்ட் வாங்கும்போது பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று கேட்பது, சவாசனத்துக்குப் பின்னணியில் சினிமா இசை போட்டால் பதிவு முடக்கப்படலாம் என்பதால் தவிர்ப்பது ஆகியவை எந்தத் தளமானாலும் பொது.

சோதனையும் இடமாற்றமும்

விற்பனைப் பிரிவினர் காட்டும் மாதிரி வகுப்பை வைத்துத் தளத்தை முடிவு செய்யக் கூடாது. இலவசச் சோதனைக் காலத்தில் ஐந்து மாணவர்களை அழைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் எழுபதை நெருங்கியவராகவும், ஒருவர் வெளிநாட்டில் இருப்பவராகவும், ஒருவர் ஐபோன் வைத்திருப்பவராகவும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகள் வெளிவந்துவிடும். குறைந்த தொகைக்கு ஒரு சோதனைச் சந்தா உருவாக்கி, ஐவரும் உண்மையிலேயே பணம் கட்ட வேண்டும். ஒருவருக்கு நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உதவி கேட்டு எழுதினால் எத்தனை மணி நேரத்தில், யார் பதில் தருகிறார்கள் என்பதும் சோதனையின் பகுதியே. வகுப்புகள் நிறைவது வார இறுதியில்தான். சோதனை முடியும் முன் மாணவர் பட்டியலை இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதத்துச் சந்தா தானாக எடுக்கப்படுவதைப் பார்க்கும் வரை ஆண்டுக் கட்டணத் திட்டத்தில் சேரக் கூடாது, எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் சரி.

ஏற்கெனவே ஒரு தளத்தில் இருப்பவர் மாறுவதானால் உலக யோகா நாள் வரும் ஜூனையும் புதிய உறுப்பினர்கள் சேரும் ஜனவரியையும் தவிர்ப்பது நல்லது. புதியவர்களை முதலில் புதிய தளத்தில் சேர்த்து, பழையவர்களை அவரவர் சந்தா முடியும் தேதியில் ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும். ஒரே நாளில் எல்லோரையும் நகர்த்தினால் சிலரிடம் இரண்டு தளமும் பணம் எடுத்துவிடும். பழைய ஒப்புதலைத் தளத்தின் பக்கம் ரத்து செய்ததோடு நிற்காமல், மாணவரையும் தன் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் அது நின்றுவிட்டதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த இடமாற்றம் முடியும் வரை இரு தளங்களின் கட்டணமும் சேர்ந்தே வரும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பழைய கணக்கை மூடுவதற்கு முன் அதிலுள்ள ரசீதுகள், தீர்வுக் கணக்குகள், கமிஷன் பில்கள் அனைத்தையும் இறக்கிச் சேமிக்க வேண்டும். ஜிஎஸ்டியில் பதிவுபெற்றவர் அவற்றை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.